பெரியம்மாவின் இரவல் நோட்டு: மன்னார்குடியில் நான்கு நாட்கள்

முதல் நாள், வெள்ளி

மன்னை எக்ஸ்பிரஸ் நீடாமங்கலத்தைத் தாண்டும்போது வெளியே இன்னும் முழுதாக விடியவில்லை. பொங்கல் முடிந்து ஒரு வாரம். வயலெல்லாம் பனி. சில இடங்களில் அறுத்துவிட்டார்கள், சில இடங்களில் சம்பா இன்னும் சாய்ந்து கிடக்கிறது. வைக்கோல் வாசனை ஜன்னல் வழியாக வந்ததுமே ஊர் வந்துவிட்ட மாதிரி எழுந்து பையை எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊருக்கு ரயில் திரும்பி வந்தது 2011-ல்தான். எழுபதுகளில் நிறுத்திவிட்டார்கள். அதனால் நான் பள்ளியில் படித்த காலம் முழுக்க பஸ் பயணம்தான். தஞ்சாவூரிலிருந்து வரும் பஸ் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்ளாத நாளே கிடையாது. கேட் மூடினால் கடலை, வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவர்கள் ஏறுவார்கள். கூடவே கையில் விசிறி மாதிரி விரித்த வாரப் பத்திரிகைகளோடு ஒருவர் ஏறுவார். பெரியப்பா குமுதம் ஒன்று வாங்குவார். நாலு வரி படிப்பதற்குள் பின் சீட்டிலிருந்து ஒரு கை நீளும். "சார், நடுப்பக்கம் மட்டும்" என்பார்கள். பின்னை நெம்பி நடுத்தாளை உருவித் தருவார். பந்தலடியில் இறங்கும்போது உதிர்ந்த தாள்களெல்லாம் ஒவ்வொன்றாக அவர் கைக்குத் திரும்பிவிடும். ஒரு தாள்கூட ஒருநாளும் குறைந்ததில்லை.

இந்த முறை நான் வந்தது ஒரு வேலையாக. ஹரித்ராநதிக் குளத்தின் வடகரையில் இருக்கிற பெரியம்மாவின் வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள். அண்ணன் தஞ்சாவூரில் இருக்கிறார். வேலை முடிகிற வரை பெரியம்மா அங்கே போய் இருக்கப் போகிறார். பரணில் கிடக்கும் புத்தகக் கட்டுகளைப் போகிக்கே எரித்துவிடலாம் என்று ஒரு பேச்சு வந்ததாம். பெரியம்மா போனில் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, நீ வந்து பாத்துட்டு அப்புறம் என்ன வேணா பண்ணுங்க. அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

அவருக்கு வயது எண்பத்து நாலு. இரண்டு கண்ணிலும் அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. முகம் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை.

காபி குடித்துவிட்டு நூலகத்துக்குப் போகலாம் என்று கிளம்பினேன். "இன்னிக்கு வெள்ளிக்கிழமைடா" என்றார். கிளை நூலகங்களுக்கு வெள்ளிதான் விடுமுறை. சின்ன வயதில் வாரத்தில் எனக்குப் பிடிக்காத ஒரே நாள் அது. முப்பத்தைந்து வருடம் வெளியூரில் இருந்ததில் அதையே மறந்திருக்கிறேன்.

சரி என்று கோயில் பக்கம் நடந்தேன். திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு, மன்னார்குடி மதிலழகு என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அந்த மதில் அப்படியே இருக்கிறது. அதை ஒட்டிய சந்தில் இருந்த வாடகை நூல் நிலையம்தான் இல்லை. அந்த இடத்தில் இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள். அப்போது உள்ளே ஒரு ஆள் நிற்கத்தான் இடம். மூன்று பக்கமும் அட்டை போட்ட நாவல்கள், முத்து காமிக்ஸ், மாத நாவல்கள். காமிக்ஸை வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு காசு, அங்கேயே படியில் உட்கார்ந்து படித்தால் அதில் பாதி. நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு பாதிக் காசு கொடுத்து, ஒருவன் பிடித்துக்கொள்ள மற்ற இருவரும் தோள் வழியாகப் பார்ப்போம். வேகமாகப் படிக்கிறவன் மெதுவாகப் படிக்கிறவனுக்காகக் காத்திருக்க வேண்டும். "திருப்பலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பக்கத்தைத் திருப்புவோம். இன்றைக்கும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து என் கையிலிருப்பதை எட்டிப் பார்த்தால், பக்கம் திருப்பும் முன் என் விரல் தானாக ஒரு நொடி நிற்கிறது.

சாயங்காலம் குளக்கரையில் உட்கார்ந்திருந்தோம். இருபத்து மூன்று ஏக்கர் தண்ணீர். எதிர்க்கரை விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படுவதை பெரியம்மா பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது மட்டும் நன்றாகத் தெரிகிறதாம்.

இரண்டாம் நாள், சனி

காலையிலேயே பரணில் ஏறிவிட்டேன். மொத்தம் 27 தொகுப்புகள். இந்தத் தலைமுறைக்கு இதை விளக்கித்தான் ஆக வேண்டும். இவை கடையில் வாங்கிய புத்தகங்கள் இல்லை. விகடன், கல்கி, கலைமகள் என்று வீட்டுக்கு வந்த இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் இதழுக்கு இதழ் பிரித்தெடுத்து, கதை முடிந்ததும் தைத்தவை. டெல்டாவில் எங்கள் மாதிரிக் குடும்பங்களில் பெண்கள் சேர்த்த சொத்து என்று நான் இதைத்தான் சொல்வேன்.

பெரியம்மாவின் முறை இப்படி. பத்திரிகையை வீட்டில் எல்லோரும் படித்து முடிக்க வேண்டும், அதுவரை கத்தரி வெளியே வராது. அப்புறம் பின்னைக் கழற்றி, பக்கங்களை மடிப்புக் கலையாமல் எடுத்து, அரிசி டின்னுக்கு அடியில் அழுத்தி வைப்பார். ஒன்றரை வருடம் ஓடிய கதைக்கு எழுபது எண்பது அத்தியாயம் சேரும். கோணி ஊசியும் சணல் நூலும் கொண்டு அவரே தைப்பார். அட்டை போடுவது மட்டும் தேரடிப் பக்கம் இருந்த பைண்டர். மைதாப் பசையில் அவர் ஒரு சிட்டிகை மயில்துத்தம் கலப்பார், பூச்சி வராமல் இருக்க. முதுகுக்கும் நாலு மூலைக்கும் காலிகோ துணி. அரை நூற்றாண்டு தாண்டியும் ஒரு தொகுப்பில்கூட பூச்சித் துளை இல்லை. தாள்தான் பழுத்து, ஓரத்தைத் தொட்டால் பொடிகிறது.

கதையைக் கிழிக்கும்போது அதன் பின்பக்கமும் கூடவே வந்துவிடும். அதனால் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் நடுவில் பாதிச் சிரிப்பு, முக்கால் சமையல் குறிப்பு, ஒரு கூந்தல் தைல விளம்பரம். அந்தப் பாதிச் சிரிப்புகளின் மீதியை நாங்களே சொல்லிக்கொள்வது சிறுவயதில் எங்களுக்கு ஒரு விளையாட்டு. அப்புறம் படங்கள். அதே கதை பின்னால் புத்தகமாக வரும்போது பெரும்பாலும் படங்கள் இருக்காது. கோபுலு தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். அவர் வரைந்த மாமாக்களின் வேட்டிக் கட்டும் திண்ணைத் தூணும் எங்கள் தெருவில் இருந்தவைதான். பெரியம்மா சொல்வார்: "நம்ம ஊர்க்காரன் போட்ட படம், தூக்கிப் போட மனசு வருமா?"

ஒரு சரித்திரத் தொடரைப் புரட்டிக்கொண்டிருந்தபோது விரல் நின்றது. இருபத்திரண்டாம் அத்தியாயத்துக்கு அப்புறம் அச்சுத் தாள் இல்லை. கோடு போட்ட நோட்டுத் தாள் எட்டு. நீல மையில், நெருக்கமாக, சாய்வில்லாத கையெழுத்து. மேலே நடுவில் "23" என்று எழுதி அடிக்கோடு. இரண்டாவது தாளில் ஒரு பெரிய கட்டம் போட்டு, உள்ளே ஒன்றும் வரையாமல் இப்படி எழுதியிருந்தது: "இங்கே படம். குதிரை மேல் பெண். முகம் திரும்பி இருக்கிறது. பின்னால் கோட்டை." எட்டாவது தாளின் கடைசியில், பத்திரிகையில் வருகிற மாதிரியே வலது ஓரமாக, அடைப்புக்குறிக்குள் "தொடரும்".

கீழே இறங்கி பெரியம்மாவின் மடியில் வைத்தேன். அவர் தாளைத் தடவிப் பார்த்தார். அச்சுத் தாளுக்கும் நோட்டுத் தாளுக்கும் உள்ள வித்தியாசம் விரலிலேயே தெரிந்துவிட்டது.

"இருபத்து மூணுதானே? அந்த வாரத்துப் பத்திரிகையை ரெண்டாம் வீட்டு அக்கா, மக பிரசவத்துக்குப் போறப்ப கையோட எடுத்துட்டுப் போயிட்டா. போனது போனதுதான். கடையில கேட்டா கட்டு தீந்து போச்சுன்னுட்டான். தெற்குத் தெருவுல ஒரு வீட்டுல இருந்துச்சு. கிழிக்கத் தர மாட்டேன்னாங்க, நியாயந்தானே, அவங்களும் சேக்கிறவங்க. அவங்க திண்ணையிலயே உக்காந்து எழுதிட்டு வந்தேன். மூணு மத்தியானம் ஆச்சு."

"படத்தை வரைஞ்சிருக்கலாமே பெரியம்மா?"

"எனக்கு வரைய வராது. என்ன இருந்துச்சுன்னு எழுதி வெச்சா படிக்கிறவங்க பாத்துப்பாங்க."

மத்தியானம் நூலகத்துக்குப் போனேன். வாசிப்பறை நிறைந்திருந்தது. எனக்கு அது எதிர்பாராதது. உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இருபது வயதுப் பிள்ளைகள், பெண்கள்தான் அதிகம். குரூப் 4 தேர்வுக்கான வினாத்தாள்கள், பள்ளிப் பாடநூல்கள், சோற்று டப்பா. காலையில் கிராமத்து பஸ்ஸில் வந்தால் சாயங்காலம்தான் போவார்களாம். கதை படிக்க யாரும் வருவதில்லை என்று நூலகர் வருத்தத்தோடு சொன்னார். எனக்கு அந்தப் பிள்ளைகளைப் பார்க்க வருத்தம் வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லாதவர்களுக்கு ஒரு மேஜையும் மின்விசிறியும் கொடுக்கிற இடம் ஊரில் இது ஒன்றுதான். 1948-ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டு வந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்கி, அதில்தான் இந்த மேஜைகள் ஓடுகின்றன.

அலமாரியில் ஒரு பழைய நாவலை எடுத்துத் தலைப்புப் பக்கத்தைத் திறந்தேன். மூன்று முத்திரை. தஞ்சாவூர் மாவட்ட நூலக ஆணைக்குழு. அதற்குக் கீழே நாகப்பட்டினம். அதற்கும் கீழே திருவாரூர். 1991-ல் ஒரு தடவை, 1997-ல் இன்னொரு தடவை என்று எங்கள் ஊர் மாவட்டம் மாறியபோதெல்லாம் இந்தப் புத்தகம் இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. பின்னட்டையில் தேதிச்சீட்டு. எழுபதுகளில் மாதத்துக்கு இரண்டு மூன்று முத்திரை, எண்பதுகளில் ஒன்று, அதற்கப்புறம் வருடத்துக்கு ஒன்று. கடைசி மூன்று வரிசை காலி.

பெரியம்மாவின் தொகுப்புகளை நூலகத்துக்குத் தரலாமா என்று கேட்டேன். பதிப்பகம், விலை எதுவும் இல்லாத கிழித்துத் தைத்த தாளைப் பதிவேட்டில் ஏற்றுவது சிரமம் என்று நூலகர் பொறுமையாக விளக்கினார். அவரே ஒரு வழியும் சொன்னார். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் பாதுகாக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள் என்றார். கோட்டையூர்க்காரர் ஒருவர் தன் வாழ்நாளெல்லாம் சேர்த்ததிலிருந்து பிறந்த நூலகம் அது. இத்தனை வருடம் சென்னையில் இருந்துகொண்டு எனக்கு இது தோன்றவில்லை.

மூன்றாம் நாள், ஞாயிறு

மன்னார்குடியை ஒட்டிய மேலவாசலுக்குப் போய் வந்தேன். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை, தெரிந்தேதான் போனேன்.

1931 அக்டோபரில் இங்கிருந்துதான் ஒரு மாட்டு வண்டி புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகக் கிளம்பியது. ஓய்வு பெற்ற பொறியாளரான கனகசபைப் பிள்ளை அந்த வண்டியை ஓடவைத்தார். தொடங்கி வைக்க வந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன், நம் பக்கத்துச் சீர்காழியில் பிறந்தவர், இந்திய நூலகத் துறைக்கே தந்தை. புத்தகம் இருக்கிற இடத்துக்கு ஆள் வரட்டும் என்று காத்திருக்காமல், ஆள் இருக்கிற இடத்துக்குப் புத்தகத்தைக் கொண்டுபோன வண்டி அது. நடமாடும் நூலகம் என்று இன்று வேனில் எழுதி வைக்கிறோமே, அதற்கு முன்னோடி எங்கள் ஊர் மாடுகள். பள்ளியில் பன்னிரண்டு வருடம் படித்தும் இதை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகு எங்கோ படித்துத் தெரிந்துகொண்டேன். சாலையோரம் நின்று அந்த வண்டியின் சத்தத்தைக் கற்பனை செய்து பார்த்தேன். அறுவடைக் காலமாக இருந்தால் களத்துமேட்டில் நிறுத்தியிருப்பார்கள். மாட்டை அவிழ்த்து வைக்கோல் போட்டிருப்பார்கள். யார் முதலில் வந்து கை நீட்டியிருப்பார்கள்?

இந்தக் கேள்வி வீட்டுக்குத் திரும்பிய பிறகும் விடவில்லை. காரணம், பரணின் மூலையில் இன்னொன்று கிடைத்தது. பெரியம்மாவின் இரவல் நோட்டு. நாற்பது பக்க நோட்டு இரண்டை ஒன்றாகத் தைத்தது. கட்டம் போட்டு, தேதி, எந்தத் தொகுப்பு, யார், திரும்பிய தேதி. பெயர்களுக்குப் பதில் பெரும்பாலும் அடையாளம்தான்: "கிணற்றடி வீடு", "போஸ்ட்மேன் சம்சாரம்", "டீச்சர் (சிவப்பு மூக்குத்தி)". திரும்பி வந்தவற்றின் மேல் ஒரு கோடு. ஒரு தொகுப்பு பதினொரு வீட்டுக்குப் போய் வந்திருக்கிறது. கோடு விழாத வரி மொத்த நோட்டிலும் நாலே நாலுதான்.

முதலில் பெருமையாக இருந்தது. அப்புறம் இன்னொரு தடவை முதலிலிருந்து படித்தேன். வடகரை, தெற்குத் தெரு, ராஜ வீதிகள். பாமணியாற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வரிகூட இல்லை. எங்கள் நிலத்தில் நட்டு அறுத்தவர்களின் வீடு ஒன்றுகூட இந்த நோட்டில் இல்லை. இதை எழுதாமல் அந்தக் காலத்து வாசிப்பைப் பற்றி நான் பேசினால் அது முழுப் பேச்சாக இருக்காது.

அவர்களிடம் வாசிப்பு இல்லாமல் இல்லை. அது எங்கள் திண்ணைக்கு வரவில்லை, அவ்வளவுதான். கீழத்தஞ்சையில் விவசாயத் தொழிலாளர் சங்கம் வேர் பிடித்த நாற்பதுகளில், ஒருவர் கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகையான ஜனசக்தியை உரக்கப் படிக்க இருபது பேர் சுற்றி உட்கார்ந்து கேட்ட கதையை எங்கள் பண்ணையில் வேலை பார்த்த பெரியவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். கட்சிப் படிப்பகங்கள் ஊருக்கு ஊர் இருந்தன. தென்னங்கீற்றுக் கொட்டகை, ஒரு பெஞ்சு, அன்றைய தினசரி, மாலையில் ஒரு அரிக்கேன் விளக்கு. டீக்கடையில் தினத்தந்தியைத் தாள் தாளாகப் பிரித்து நாலு பேர் படித்தது பின்னால் வந்தது. எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களும் கேட்டுக் கேட்டே செய்தியை வரி மாறாமல் சொல்வார்கள். நேற்று நூலகத்தில் சோற்று டப்பாவோடு உட்கார்ந்திருந்த பெண்கள் அந்தக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். நூலகர் வருத்தப்பட்டபோது எனக்கு வருத்தம் வராததற்கு இதுவும் ஒரு காரணம் என்று இப்போது புரிகிறது.

பெரியம்மாவிடம் கேட்டேன், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஏன் யாருக்கும் தரவில்லை என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. "யாரும் கேக்கலை. கேக்கலாம்னு அவங்களுக்குத் தோணற மாதிரி நாங்க இருக்கலை" என்றார். அப்புறம் வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளத் தொடங்கினார்.

ராத்திரி அவர் கேட்டுக்கொண்டதால் இருபத்து மூன்றாம் அத்தியாயத்தை வாசித்தேன். அவர் கையெழுத்தை அவருக்கே படித்துக் காட்டுவது என்னமோ செய்தது. நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார். "அங்க ஒரு வார்த்தை நான் மாத்தி எழுதினேன். அச்சுல வேற இருந்துச்சு. இதுதான் நல்லா இருக்குன்னு பட்டுச்சு." எந்த வார்த்தை என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றுவிட்டார்.

நாலாம் நாள், திங்கள்

ரயில் ராத்திரிதான். பகல் முழுக்க தொகுப்புகளைத் துடைத்து, வெயில் படாமல் காற்றாட வைத்து, பழைய வேட்டியில் சுற்றினேன். கதையின் பெயர், பத்திரிகை, எந்த ஆண்டு, எத்தனை அத்தியாயம் என்று பட்டியல் போட்டாகிவிட்டது. சென்னையில் போய்க் கேட்டுவிட்டு அவர்கள் எடுத்துக்கொள்வதாகச் சொன்னால் அண்ணன் காரில் கொண்டுவந்து தருவதாகப் பேச்சு. அதுவரை தஞ்சாவூர் வீட்டில், தரையில் படாமல், மரப் பலகை மேல்.

பந்தலடியில் டீ குடிக்கப் போனபோது பேப்பர் கடைக்காரரிடம் வாரப் பத்திரிகை எத்தனை வருகிறது என்று விசாரித்தேன். கையால் ஒரு சின்ன அளவு காட்டினார். கல்கி 2020-ல் அச்சில் நின்ற பிறகும் ரொம்ப நாள் ஒரு பெரியவர் வாராவாரம் வந்து கேட்டுக்கொண்டிருந்தாராம். இல்லை என்று தெரிந்தும் வருவாராம்.

கிளம்பும்போது அந்த இருபத்து மூன்றாம் அத்தியாயத் தொகுப்பை மட்டும் பெரியம்மா எடுத்து நீட்டினார். எனக்கே எனக்குத் தருகிறார் என்று நினைத்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"இரு, அந்த நோட்டை எடு" என்றார். பேனாவும் கேட்டார். கடைசியாக எழுதிய வரிக்குக் கீழே என் விரலைப் பிடித்து வைத்து, இடம் தெரிந்துகொண்டு, அவரே எழுதினார். எழுத்துகள் பெரிதாக, கோட்டைத் தாண்டி ஏறி இறங்கி வந்தன. இன்றைய தேதி. கதையின் பெயர். யார் என்ற கட்டத்தில் "தம்பி (மெட்ராஸ்)".

திரும்பும் தேதிக்கான கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டி, "சித்திரைக்குள்ள கொண்டாந்துடு. தஞ்சாவூர்ல ரெண்டு பேர் கேட்டு வெச்சிருக்காங்க" என்றார்.